வந்ததை அனுப்பினாராம்!

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ‘நவீன வாழ்வும் மனித உறவுகளும்’ என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் குனிந்த தலை நிமிராமல் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே!

நவீன வாழ்க்கை உறவுகளை வளர்த்ததா, கெடுத்ததா என்று இரண்டு பக்கமும் சீர்தூக்கிப் பேச வேண்டும் என்பது விழாக் குழுவினரின் விருப்பம். சீர்தூக்கும் வேலை இன்றைக்கு இந்த மேடையில் நடக்காது. காரணம், போன வாரம் இந்த வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய ஒரு படம்.

படத்தில் ஒரு பெண். யாரோ மாடியில் நின்று எடுத்திருக்கிறார்கள், முகம் தெரியவில்லை. தலையில் கூடை, கூடைக்குள் எவர்சில்வர் தூக்குவாளிகள், மேலே கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் குடம், தோளில் துணி மூட்டை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற அம்மா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் கீழே இருந்த வாசகம்: ‘உஷார்! பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் ஏரியாவில். அனைவருக்கும் பகிரவும்!’ பகிர்ந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பகிர்ந்தார். வங்கி அதிகாரி பகிர்ந்தார். மறுநாள் மதியம் ஒரு புண்ணியவான், ‘தவறான தகவலாம், டெலிட் செய்துவிடவும்’ என்று எழுதி, கூடவே ஒரு கும்பிடும் போட்டார். அத்தோடு கணக்குத் தீர்ந்தது. ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டால் அத்தனை பேருக்கும் ஒரே பதில்: ‘எனக்கு வந்தது, அனுப்பினேன்.’

வந்ததை அனுப்பினாராம்! தபால்காரர்கூட முகவரி பார்த்துத்தானய்யா கொடுக்கிறார்!

இந்தப் பதிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ரத்தம் படிந்த சரித்திரம். 2018 மே 9. சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் போகிறது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் உடன் இருக்கிறார்கள். அத்திமூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்கிறார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அந்தப் பகுதியின் போன்களில் ‘வட மாநிலத்துக் கும்பல் குழந்தை கடத்த வந்திருக்கிறது’ என்ற சேதி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. பயந்து காரை எடுத்தவர்களை மறித்து அடித்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா செத்துப்போனார். மற்றவர்கள் குற்றுயிராக மருத்துவமனைக்குப் போனார்கள்.

பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளைக் கண்டால் பைக்குள் கையை விட்டு எதையாவது எடுத்துக் கொடுப்பது நம் கிழவிகளின் குணம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு முறுக்கு கொடுக்காமல் ஊர் போய்ச் சேர்ந்த பாட்டி உண்டா? அந்தக் குணத்துக்குக் கிடைத்த கூலி அது. அடித்தவர்களைப் போலீஸ் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. சரி. சேதியை அனுப்பிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார்களே ஆயிரக்கணக்கானவர்கள், அவர்கள்? வந்ததைத்தானே அனுப்பினார்கள்!

எதை அனுப்பினார்கள் என்பதையும் பாருங்கள். அந்த வருஷம் இந்தியாவெங்கும் ஓடிய ஒரு வீடியோ. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் ஒரு சிறுவனை அள்ளிக்கொள்ள, வண்டி பறக்கிறது. பார்த்தவர் வயிறு கலங்கும். ஆனால் அது பாகிஸ்தானில், கராச்சி நகரில் எடுத்த விழிப்புணர்வுப் படம். அதே வண்டி திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடும். பின்னால் இருப்பவன் ஓர் அட்டையைப் பிரித்துக் காட்டுவான், குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், ஜாக்கிரதை என்று. அந்தக் கடைசிப் பகுதியை எவனோ வெட்டினான். குழந்தையைக் காப்பாற்ற எடுத்த படம் ஆளைக் கொல்லும் படமானது. வெட்டியவன் ஒருவன். வெட்டியதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் யார்? படித்தவர்கள், பக்திமான்கள், தினமும் காலையில் ரோஜாப் பூவோடு வணக்கம் வைப்பவர்கள்.

‘வதந்தி எந்தக் காலத்தில்தான் இல்லை?’ என்று கேட்கும் ஞானிகள் உண்டு. 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியில் கிளம்பிய சேதி, ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. தொலைபேசியும் டி.வி.யும்தான் வாகனம். உண்மைதான். நஷ்டம் என்ன? ஆளுக்கு ஒரு கரண்டி பால். யார் மண்டையும் உடையவில்லையே!

‘கம்பெனிக்காரன் தடுக்க வேண்டியது’ என்பார் இன்னொருவர். வாட்ஸ்அப் கம்பெனியின் யோக்கியதை நன்றாகவே தெரியும். 2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. 2018 ஜூலையில், அடிபட்டுச் செத்தவர்கள் பட்டியல் நீண்டு, அரசு அதட்டிய பிறகு, பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கப் பத்து யோசனைகள் என்று முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. எதில்? காகிதப் பத்திரிகையில்! தன் வீட்டு நெருப்பை அணைக்கப் பக்கத்து வீட்டுக் கிணறு. அதே மாதம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று விதி வைத்தது. அதனால் பகிர்வது கால்வாசி குறைந்ததாகப் பின்னர் அவர்களே சொன்னார்கள். ஒரு எண்ணை மாற்றினால் கால்வாசி குறையும் என்றால், அதை மாற்ற இத்தனை பிணம் எதற்கு?

கம்பெனியைத் திட்டினால் கை தட்டுகிறீர்கள். உங்கள் கட்டை விரலைச் சொன்னால் மட்டும் கூட்டம் அமைதியாகிறதே!

சிரிக்கவும் ஒன்று உண்டு. நடிகர் எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். கேட்டால், வேறு யாரோ எழுதியது, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்க முடியவில்லை என்று 2023 ஆகஸ்டில் அங்கே வாதம். வாசிக்கத் தெரியாத கண்ணுக்குப் பகிரும் பொத்தான் மட்டும் எப்படித் தெரிந்தது? வாதம் எடுபடவில்லை. அதற்கு முந்தின மாதமே சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய செய்தி வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்பு, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று சொல்லியிருந்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வந்ததை அனுப்பினேன் என்பவர்கள் இந்தத் தீர்ப்பையும் நாலு குழுவுக்கு அனுப்புங்களேன்!

அதோடு சிரிப்பு போதும். 2018 ஜூன் கடைசியில் திரிபுராவில் நடந்ததைக் கேளுங்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் எதுவும் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொல்ல அரசு ஒருவரைக் கூலிக்கு அமர்த்தியது. அவரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றது கூட்டம். உண்மை சொல்லப் போனவர் ஒரே ஓர் ஆள். பொய் சொல்ல ஊரே இருந்தது.

வடக்கத்தியானைப் பற்றித்தானே அனுப்பினோம் என்று நினைத்தவர்களுக்கு 2023 மார்ச்சில் பதில் வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிச் சாய்க்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் வடக்கே பறந்தன. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்பியது. நம் போலீஸ் வழக்குப் போட்டது. அப்போது நமக்குச் சுருக்கென்று தைத்தது, தமிழனைக் கொலைகாரன் ஆக்குகிறார்களே என்று! அங்கே அனுப்பியவர்களும் வந்ததைத்தான் அனுப்பினார்கள்.

குழுக்களின் அட்மின்களாக இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆள் படத்தைப் போட்டு ‘உஷார்’ என்று எவர் அனுப்பினாலும், அவர் உங்கள் மாமனாராகவே இருந்தாலும், எங்கே, எப்போது, நீங்கள் பார்த்தீர்களா என்று குழுவிலேயே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அவரை வெளியேற்றுங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும். ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதாக மெய்யாகவே தோன்றினால் கூப்பிட வேண்டிய எண் 1098. இரவும் பகலும் எடுப்பார்கள், பைசா செலவில்லை.