பல பாஷைப் பிள்ளைகளும் பாடச் சொற்களும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்துக்குரிய உரை)



பள்ளிக்கூட விஷயத்துக்குச் சங்கக் கூட்டத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ்க் கிராமங்களில் தோன்றிய நாணய சங்கங்கள் வரம்பற்ற பொறுப்பின்மீது நின்றவை. சங்கம் பட்ட கடன் சங்கத்தின் ஆஸ்தியால் தீராவிடில், அங்கத்தினர் ஒவ்வொருவர் சொத்தும் அதற்கு ஈடாகும் என்பது அதன் கருத்து. 'பொறுப்பு' வீட்டிலும் வழங்கும் சொல்லே; பத்திரத்தில் அதன் பொருள் வேறு. அவ்வேற்றுமை அறியாது கைநாட்டு வைப்பவனுக்குக் காடு கழனியே போய்விடலாம். பேச்சுச் சொல்லுக்கும் ஏட்டுச் சொல்லுக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளைகள் முதலில் சந்திக்குமிடம் பள்ளிக்கூடம்.

கொங்கு நாட்டில் இடைவெளி இன்னும் அகலம். தமிழ் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தேவாங்க நெசவாளர் பலர் வீட்டில் கன்னடம். திருப்பூர்ப் பனியன் சாலைகளை நாடி ஒடிசா, பீகார் முதலிய இடங்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று தமிழ்ப் பாடம் கேட்கின்றனர். 'பரப்பளவு', 'ஆவியாதல்' என்றால் விழிக்கும் பிள்ளையை மந்தன் என்று தள்ளிவிடுவது எளிது. பொருளை அவன் அறிவான், பெயரே புதிது.

கோயமுத்தூரில் 1930-இல் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்து, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ்வழிப் போதனைக்குப் பாடுபட்டார். அவர் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. சொற்கள் கிடைத்துவிட்டன, ஆனால் தொகுதியிலுள்ள சொல் தானாகப் பிள்ளையின் நாவில் வந்து உட்காருவதில்லை.

அதற்கு ஓர் அட்டைத் தறி போதும். அட்டையின் மேலும் கீழும் பத்துப் பத்து வெட்டுகள் செய்து நூலைக் கட்ட வேண்டும். அது பாவு. வேறு நிற நூலை மேலும் கீழுமாக நுழைத்து வந்தால் ஊடை. உபாத்தியாயர் பெயரைச் சொல்லிவிடாமல், வீட்டில் என்ன சொல்வார்கள் என்று முதலில் கேட்பது முறை. தெலுங்குப் பிள்ளை 'படுகு, பேக்க' என்னும். கன்னடப் பிள்ளை 'ஹாசு, ஹொக்கு' என்னும். இந்தி பேசும் பிள்ளை 'தானா, பானா' என்னும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதியபின், பாவு செங்குத்து, ஊடை கிடை என்ற ஏட்டுச் சொற்களைப் பக்கத்தில் சேர்க்கலாம். நெய்த துண்டு 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம் என்றால் பரப்பளவு 96 சதுர செ.மீ. என்பதைப் பிள்ளையே அளந்து, முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது தவறினால் மற்றதெல்லாம் வெறும் விளையாட்டு. கை வேலை செய்து வாய் மூடியிருந்தால் நூல்தான் மிஞ்சும்.

ஆவியாதலுக்கு இரண்டு தட்டில் உப்பு நீர் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்தாலாயிற்று. எது முந்திக் காய்ந்தது, தட்டில் எது தங்கியது என்று பிள்ளைகள் பேசட்டும். தமிழ்ப் பிள்ளைக்கு 'ஆவி' என்றதும் பேய் நினைவு வரலாம். கன்னடத்தில் 'ஆவி', தெலுங்கில் 'ஆவிரி' என்றால் நீராவியே. இங்கே அயல்வீட்டுப் பிள்ளை முந்திக்கொள்ளும்!

வீட்டுப் பாஷையை வகுப்பில் வாயெடுக்கவிடாமல் அடக்குவோர் இன்னும் இருக்கின்றனர். ஏறும் படியைப் பிடுங்கிவிட்டு மாடிக்கு வா என்பது போன்றது அது.

1937-இல் வகுத்த வார்தாக் கல்வித் திட்டம் கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைத்தது. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் முதல் மூன்று வகுப்புகளில் செயல்வழிப் போதனையையே நாடியது. ஆகவே உபாத்தியாயருக்கு இது புதிதன்று. சாமானும் துணையுமே வேண்டும்.

துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், பொதுநலத்துக்கென ஒதுக்கும் இலாபத்திலிருந்து ஒரு தராசு, படிக்கற்கள், லிட்டர் அளவைகள், அளவுநாடா ஆகியவற்றைப் பள்ளிக்கு வாங்கித் தரலாம். சங்கத்தில் எழுதித் தீர்ந்த பழைய மாதிரிப் படிவங்களில் அங்கத்தினர் பெயர்களை நீக்கிக் கொடுத்தால், ஐந்தாம் வகுப்பார் வகுப்பிலேயே ஒரு சிறு பண்டகசாலை வைத்து, கொள்முதல், இருப்பு, அசல், வட்டி, தவணை என்ற சொற்களைப் புளியங்கொட்டை நாணயத்தால் பழகுவார்கள். நெசவாள அங்கத்தினர் ஒருவர் மாதம் ஒரு பிற்பகல் பள்ளிக்குச் சென்று தறி கட்டிக் காட்டலாம். தமிழ் சரளமாக வராதவர் என்பதற்காக எவரையும் விலக்க வேண்டியதில்லை. அவரைத்தான் முதலில் அழைக்க வேண்டும்.