கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டி விற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவர் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு 4 வருடம். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் செலவு. கையில் பணம் இல்லை.

பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார்: "பேங்குக்குப் போங்கக்கா. கவர்மெண்டு லோன்தானே! கட்டாட்டியும் யாரும் கேட்க மாட்டாங்க."

இந்தப் பேச்சு சரியா? சரியில்லை. கல்விக் கடன் வங்கியின் பணம். அதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அரசு இதில் உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

யாருக்குக் கடன் கிடைக்கும்?

மாணவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், மதிப்பெண் மூலமோ நுழைவுத் தேர்வு மூலமோ இடம் கிடைத்திருக்க வேண்டும். தாயோ தந்தையோ மாணவருடன் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மகள் கட்டாவிட்டால் வங்கி தாயைத்தான் கேட்கும்.

4 லட்சம் ரூபாய் வரை வீடு, நிலம், நகை எதையும் அடமானம் வைக்க வேண்டாம். கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றுக்குக் கடன் உண்டு.

வட்டி எப்படி ஏறுகிறது?

படிக்கும் காலத்திலும், படிப்பு முடிந்த பின் 1 வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது. அது ஏறிக்கொண்டே போகும்.

இந்தத் தாயின் கணக்கைப் பாருங்கள். வட்டி வருடத்துக்கு 100 ரூபாய்க்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வாங்கிய 1 லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000 ரூபாய். இரண்டாம் லட்சத்துக்கு 40,000. மூன்றாம் லட்சத்துக்கு 30,000. நான்காம் லட்சத்துக்கு 20,000. மொத்த வட்டி 1,40,000 ரூபாய். வாங்கியது 4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் நிற்கும் கடன் 5,40,000 ரூபாய்!

அரசின் உதவி என்ன?

இந்த 1,40,000 ரூபாய் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் ஒன்று உண்டு. அது 2009-இல் தொடங்கியது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 4,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். படிப்பு தொழிற்கல்வியாக இருக்க வேண்டும். கல்லூரியும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, வங்கியில் கொடுக்க வேண்டும். நோய் போன்ற காரணம் இல்லாமல் படிப்பைப் பாதியில் விட்டால் இந்த உதவி கிடைக்காது.

2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அரசு தேர்ந்தெடுத்த தரமான கல்லூரிகளில் சேருகிறவர்களுக்கு இதில் அடமானமும் இல்லை, ஜாமீனும் இல்லை. இந்தக் கடனுக்கு இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கணினி தெரியாதா? கவலை வேண்டாம். அக்ஷயா மையத்தில் உதவி செய்வார்கள்.

கடனுக்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள். உதவித்தொகை கிடைக்குமா? தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு மாணவர்களுக்குக் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உண்டு. உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டாம்.

கட்ட முடியாமல் போனால்?

கேரளத்தில் படித்து முடித்த பலருக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் பலருக்குச் சம்பளம் போதவில்லை. கடன் நின்று போனது. வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. 2017-இல் கேரள அரசு 900 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்து உதவ முன்வந்தது. ஆனால் அது எல்லாருக்கும் கிடைத்த தள்ளுபடி அல்ல. மாணவரும் ஒரு பங்கு கட்ட வேண்டியிருந்தது. எனவே தள்ளுபடியை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிய வேண்டாம். உடனே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். தவணையை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

வங்கி கடன் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்போது அந்தத் தாய் வங்கியில் உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி தாளை நீட்டுகிறார். "இங்கே ஒப்பிடுங்க அம்மா."

தாய் பேனாவை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க சார். வட்டி எவ்வளவுன்னு எங்கே எழுதியிருக்கு? தவணை எந்த மாசம் தொடங்கும்? எத்தனை வருசம் கட்டணும்? வட்டி மானியத்துக்கு என் மகள் பேரைச் சேர்த்தாச்சா?"

அதிகாரி ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். தாய் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். மகள் நோட்டில் குறித்துக்கொள்கிறாள். அதன் பிறகே கையெழுத்து விழுகிறது.

1991 ஏப்ரல் 18-இல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. கைநாட்டு மாறிக் கையெழுத்து வந்தது. ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதுமா? எதற்குப் போடுகிறோம் என்று வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுதான் கல்வி.