லாரி நிற்கும், கப்பல் நிற்காது



நான் ராயபுரத்தில் ஏற்றுமதிப் பேப்பர் வேலை பார்ப்பவன். ஒரு காலத்தில் ஒவ்வொரு படிவமும் ஒவ்வொரு தினுசாக இருந்தது. ஐ.நா. மாதிரிப் படிவத்தை ஒட்டி 1991-ல் இந்தியாவில் அவை ஒரே அமைப்புக்கு வந்தன. ஒரே விவரம் ஒரே இடத்தில் இருந்தால் சரிபார்ப்பது சுலபம், அவ்வளவுதான் தத்துவம்!

2015 ஏப்ரல் முதல் கப்பல் சரக்குக்குப் பொதுவான கட்டாய ஆவணம் மூன்றுதான்: பேக்கிங் லிஸ்ட் சேர்ந்த இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங். ஆனால் இன்வாய்ஸில் 480 பெட்டி, ஷிப்பிங் பில்லில் 408 என்றிருந்தால்? திருத்தம் முடியும்வரை திருவொற்றியூரில் லாரி நிற்கும், கப்பல் நிற்காது. டிரைவருக்குத் தூக்கம் போச்சு, சிறுதொழில்காரருக்கு ஆர்டரே போச்சு.

தம்பி தங்கைகளே, குமாஸ்தா வேலைதானேன்னு இளப்பமா நினைக்காதீங்க. அனுப்பும் முன் பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருதரம் பாருங்க.