ஆறுமணிக் குருவியும் அலங்கார விளக்கும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?"ன்னு காலையிலிருந்து பலபேர் கேட்டுட்டீங்க. குருவி பார்க்கிறேன்! சிரிக்காதீங்க. போன ஐப்பசியில் நாங்க நாலு பேர் ஜவ்வாது மலையில் ஒரு நாள் சுற்றினோம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போனோம். சுற்றிலும் வயலும் ஊருமாகச் சமவெளி. நடுவே கடலில் தீவு மாதிரி இந்த மலை. வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்கு நல்ல தங்குமடம். ஓடைப் பாறையில் இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த சாம்பல் வாலாட்டி. சாமைக் கொல்லை ஓரத்தில் சைபீரியா பக்கத்துப் பழுப்புக் கீச்சான். பொழுது சாயும்போது புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீட்டி: ஆறுமணிக் குருவி! காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இலங்கை வரைக்கும் போகும். பறப்பது இரவில்.

இரவில் வழி எப்படித் தெரியும்? 1960-களில் ஸ்டீபன் எம்லன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சில குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்துச் சோதித்தார். அவை நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தன.

காவலூரில் 1968-ல் வானாய்வு தொடங்கியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அங்குள்ள இருட்டு. 1986-ல் வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்ட ஆய்வகம் அதுதான். மழை மாதங்களில் மேகம் மூடினால் தொலைநோக்கிகளுக்கு ஓய்வு. அப்போதுதான் குருவிகள் வருகின்றன. இருவருக்கும் சொத்து அதே இருட்டுதான்.

பலத்த வெளிச்சம் இரவில் பறக்கும் பறவைகளை இழுத்துத் தடுமாற வைக்கும். கண்ணாடியில் மோதி விழும். சென்னையில் ஐப்பசி மாதத்தில் வீட்டு வாசலில் களைத்துக் கிடக்கும் ஆறுமணிக் குருவியை யாராவது கண்டெடுப்பது வழக்கம்.

இதை ஏன் இங்கே சொல்றேன்? புது அரங்கத்துக்கு விடிய விடிய எரியும் அலங்கார விளக்கு போடலாம்னு காலையில் சங்கத்தில் பேச்சு வந்தது. நண்பர்கள் கோபிக்கக் கூடாது. என் ஓட்டு அதற்கில்லை. கீழே மட்டும் வெளிச்சம் விழும் மூடிபோட்ட விளக்கு போதும். புரட்டாசி முதல் கார்த்திகை வரை இரவு பத்து மணிக்கு அணைத்துவிடலாம். மிச்சமாகும் பணத்தில் விடுதிக்கு நாலு பைனாகுலர் வாங்குவோம்.

மாணவர்களே, வரும் ஐப்பசியில் ஆறு மணிக்கு நம்ம மரத்தடியில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கேட்ட தேதியை நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த சந்திப்பில் நான் கேட்பேன்!