கோவலனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை

(திருவரங்கத்தில் நடந்த கட்சிப் பயிலரங்கில் நிகழ்த்திய உரை. நேரில் வர முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



போன வாரம் ஒரு இளம் தோழர் போன் பண்ணினார். "தோழர், அரசியல் வகுப்புன்னு போட்டுட்டு சிலப்பதிகாரம்னு போட்டிருக்கீங்களே, தப்பா அச்சாயிடுச்சா?" என்று கேட்டார். தப்பா அச்சாகலை தோழர். வேண்டுமென்றேதான் போட்டது. யு.ஏ.பி.ஏ. சட்டத்தைப் பற்றி வகுப்பெடுக்கச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளை வாசித்தால் பத்தாவது நிமிஷத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் கொலைக்களக் காதையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்குப் போனது இந்த ஊர் வழியாகத்தான். அரங்கத்துக்கு வந்து, இங்கே காவிரியைப் படகில் கடந்து, தென்கரை சேர்ந்து, உறையூருக்குப் போகிறார்கள். அந்தத் தென்கரையில் ஒரு சின்னச் சம்பவம் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை யாரும் நிறுத்திச் சொல்லித் தருவதில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மதுரை.

கதை உங்களுக்குத் தெரியும். சிலம்பை விற்கப் போன கோவலன் பொற்கொல்லனிடம் மாட்டுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தப் பொற்கொல்லன்தான். "இங்கேயே இருங்க" என்று கோவலனை உட்கார வைத்துவிட்டு அரண்மனைக்கு ஓடுகிறான். பாண்டியன் அப்போது ஊடல் கொண்ட மனைவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில் காவலர்களைக் கூப்பிட்டு, சிலம்பு இவன் சொல்கிறவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்கிறான். இதுவரைக்கும்தான் நாம் பள்ளியில் படித்தோம். அரசன் ஆராயவில்லை, அதனால் தவறு என்று பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கினோம்.

ஆனால் கோவலன் அரசன் சொன்ன இடத்தில் சாகவில்லை தோழர்களே. அரசன் உத்தரவுக்கும் வாள் வீச்சுக்கும் நடுவே ஒரு காட்சி இருக்கிறது. நாம் படிக்க வேண்டியது அதைத்தான்.

காவலர்கள் வருகிறார்கள். கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இந்த ஆளைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அதாவது, அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உத்தரவு கையில் இருக்கும்போதே மனசாட்சி ஒரு நிமிஷம் எழுந்து நிற்கிறது.

பொற்கொல்லன் சிரிக்கிறான். சிரித்துவிட்டு ஒரு பாடமே எடுக்கிறான். திருடர்களுக்கு எட்டு வழி இருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. ஒரு திருடன் எப்படித் தூதுவன் போல வந்தான், பெண் வேடம் போட்டு எப்படி அரண்மனைக்குள் போனான் என்று ஒரு கதையும் சொல்கிறான்.

இதில் கோவலன் எங்கே இருக்கிறான்? எங்கேயும் இல்லை. கோவலன் எங்கே எடுத்தான், எப்போது எடுத்தான், யார் பார்த்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. "திருடர்கள் எப்படிப்பட்டவர்கள்" என்பது மட்டும்தான் பேச்சு. அதிலும் தந்திரத்தைக் கவனியுங்கள். "இவனைப் பார்த்தால் நல்லவனாக இருக்கிறதே" என்பதுதான் காவலர்களின் சந்தேகம். அதற்குப் பதில், "நல்லவனாகத் தெரிவதுதான் திருடனின் திறமை." இனி கோவலன் என்ன செய்தாலும் அது அவனுக்கு எதிரான சாட்சி. அழுதால் நடிப்பு, அமைதியாக இருந்தால் அழுத்தம், பேசினால் தந்திரம்.

அடுத்து, கையில் வேல் பிடித்த ஒரு காவலன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். ஒரு மழைக்கால நள்ளிரவில் ஒரு திருடன் வந்தான், நான் வாளை உருவினேன், அதையே பிடுங்கிக்கொண்டு மறைந்துவிட்டான் என்று. அது நிஜமாகவே நடந்திருக்கலாம். ஆனால் அது வேறொருத்தனைப் பற்றியது. அதைச் சொல்லி முடித்தவன், அரசன் நம்மை வதைப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். பார்த்தீர்களா, திருடன் மேல் பயம் பாதி, மேலிடத்தின் மேல் பயம் பாதி. அந்த இடைவெளியில், படிப்பறிவும் இல்லாத, குடிபோதையில் இருந்த ஒருவன் வாளை வீசுகிறான். முடிந்தது.

இதை வகுப்பில் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்தோம். வாள் வீசுவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, "கோவலனிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?" என்று கேட்டேன். எல்லாரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர்தான் தலையை நிமிர்த்தி, "தோழர், அந்தச் சிலம்பை உடைச்சுப் பார்த்திருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றார். அவ்வளவுதான்! அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்த ஒரு நிமிஷச் சோதனை நடந்தது, ஆனால் பிணம் விழுந்த பிறகு.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் 65 வயது மூதாட்டி. பிள்ளை பிடிக்கும் கும்பல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். ஊரே கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயம். குழந்தையைப் பார்த்து அன்பாக மிட்டாய் நீட்டியதே குற்றத்துக்கு ஆதாரமாகிவிட்டது. பொற்கொல்லன் எடுத்த பாடம் அப்படியே இருக்கிறதா இல்லையா? வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள்தான் அந்தக் காவலன் சொன்ன மழைக்கால ராத்திரிக் கதை. எங்கேயோ, யாருக்கோ, எப்போதோ நடந்தது.

அது கூட்டம் செய்தது. அரசே செய்தால்?

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன். விரகாலூரில் 1937ல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. ஏசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டுக்குப் போய் ஆதிவாசி மக்களோடு வாழ்ந்தார். நக்சல் என்று முத்திரை குத்தி விசாரணையில்லாமல் சிறையில் கிடந்த ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனவர். 2020 அக்டோபர் 8ஆம் தேதி ராஞ்சியில் அவரையே தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. பீமா கோரேகான் வழக்கு, யு.ஏ.பி.ஏ. சட்டம். வயது 83. நடுக்குவாத நோய். கை நடுங்குவதால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு நவம்பர் 6ஆம் தேதி மனு போட்டார். பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது அரசுத் தரப்பு. 20 நாள் கழித்து, அவரிடமிருந்து நாங்கள் அப்படி ஒன்றை எடுக்கவில்லை என்று பதில் வந்தது. 2021 ஜூலை 5ஆம் தேதி, ஜாமீன் மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் இருந்தபோதே, இறந்துபோனார். வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

கோவலனுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கோவலனிடம் யாரும் கேட்கவில்லை. இவரிடம் மணிக்கணக்காகக் கேட்டார்கள். கைதாவதற்கு இரண்டு நாள் முன்பு பதிவு செய்த வீடியோவிலேயே அவர் சொன்னார்: என் கணினியில் எடுத்ததாகக் காட்டும் ஆவணங்கள் என்னுடையவை அல்ல, நான் பீமா கோரேகானுக்குப் போனதே இல்லை என்று. அவர் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, 2022 டிசம்பரில், ஆர்சனல் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனத்தின் அறிக்கை வந்தது. வெளியாள் ஊடுருவி அந்தக் கோப்புகளை அவர் கணினியில் வைத்திருக்கிறார் என்றது அந்த அறிக்கை. புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. அதை நீதிமன்றம் ஆராய்ந்து முடிவு சொல்லட்டும், அதுதான் முறை. நான் கேட்பது வேறு. சிலம்பை உடைத்துப் பார்ப்பதை ஏன் எப்போதும் பிணம் விழுந்த பிறகே செய்கிறோம்?

இந்தச் சட்டத்தில் 43டி(5) என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது. போலீஸ் தரும் காகிதங்களைப் பார்த்து, குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தால் ஜாமீன் கிடையாது. அந்தக் காகிதங்கள் உண்மையா என்பது விசாரணையில்தான் தெரியும். விசாரணை எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் அதற்குள் எட்டு வழிப் பாடம் நடந்து முடிந்துவிடும். வெளியே பாதிரியார், உள்ளே நக்சல். வெளியே பேராசிரியர், உள்ளே நக்சல். வெளியே கவிஞர், உள்ளே நக்சல்.

இடையில் ஒன்று. அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. 1692ல் அங்கே சூனியக்காரர்கள் என்று 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். 1953ல், அங்கே கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாளில், ஆர்தர் மில்லர் அந்தப் பழைய கதையை நாடகமாக்கினார். இன்றைக்கு அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதைப் படித்துத்தான் அந்த வேட்டையைப் புரிந்துகொள்கிறார்கள். நமக்கும் ஒரு சேலம் உண்டு. 1950 பிப்ரவரி 11, சேலம் சிறை, துப்பாக்கிச் சூடு, 22 தோழர்கள். அதே வருஷம்தான் தோழர் ஏ.கே.கோபாலன் தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்துவிட்டு, மீதிச் சட்டத்தை நீதிமன்றம் அப்படியே விட்டுவிட்டது. இங்கே உட்கார்ந்திருக்கும் பொன்மலைத் தோழர்களுக்கு நான் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1946 செப்டம்பர் 5, சங்கத் திடல் துப்பாக்கிச் சூடு அவர்கள் வீட்டுக் கதை.

சரி, இதுவரை கைதட்டினீர்கள். இனி சொல்வதற்குக் கைதட்ட மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சிலப்பதிகாரம் கண்ணகி மதுரையை எரித்ததோடு முடியவில்லை. பிறகு பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, நோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்கிறது காப்பியம். மழையும் வந்ததாம். திருடியது ஒருவன். செத்தது ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேர் அந்தச் சிலம்பைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? விசாரிக்காமல் ஒரு வணிகனைக் கொன்றதற்குப் பரிகாரம், விசாரிக்காமல் ஆயிரம் தொழிலாளிகளைக் கொல்வது. நியாயமான கோபம்தான் அங்கே கொண்டுபோய் விட்டது. கவனமாகப் படியுங்கள், அங்கே அநியாயம் செய்கிறவர்கள் கண்ணகியின் பக்கத்து ஆட்கள்.

நம் பக்கத்து ஆட்கள் என்ன செய்கிறோம்? எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கைதானால், அதே புலனாய்வு அமைப்பு தந்த செய்திக் குறிப்பை, ஒரு எழுத்து மாற்றாமல், "சிக்கினான்" என்று தலைப்பு வைத்துப் பகிர்கிறோம். நமக்குப் பிடிக்காத யூடியூபர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தால் சிரிப்புப் பொம்மை போடுகிறோம். நம் ஆள் கைதானால் மட்டும் "கறுப்புச் சட்டம்". நானும் செய்திருக்கிறேன் தோழர்களே. ஒருவர் கைதானபோது நான் போட்ட பதிவு இன்னும் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து அவரை விடுவித்தார்கள். அந்தச் செய்தியை நான் பகிரவில்லை.

இப்போது முதலில் சொன்ன தென்கரைக்கு வருகிறேன். அம்மா மண்டபம் படித்துறையில் நின்று எதிரே பாருங்கள், அந்தப் பக்கம்தான். கரையேறி ஒரு சோலையில் மூன்று பேரும் இளைப்பாறுகிறார்கள். அங்கே வந்த ஒரு வம்பன், கூட ஒரு பெண். இவர்கள் யார் என்று கவுந்தியைக் கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டா என்று அவர்கள் கேலி பேசுகிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். கவுந்திக்குக் கோபம் வந்து, நரியாகப் போங்கள் என்று சபிக்கிறார். நரி ஊளையிடும் சத்தம் கேட்கிறது.

அப்போது கோவலனும் கண்ணகியும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கவுந்தியிடம் கெஞ்சுகிறார்கள். அறியாமல் பேசிவிட்டார்கள், இவர்களுக்கு ஒரு விடுதலைக் காலம் சொல்லுங்கள் என்று. அவமானப்பட்டவர்களே, அவமானப்படுத்தியவர்களுக்காக வாதாடுகிறார்கள். கவுந்தியும் இறங்கி வருகிறார். உறையூர் மதில் புறத்தே பன்னிரண்டு மாதம் திரிந்துவிட்டுப் பழைய உருவம் பெறட்டும் என்கிறார். தண்டனைக்கு ஒரு அளவு, ஒரு முடிவு தேதி.

1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த கண்ணகி, கையில் சிலம்போடு நிற்கும் மதுரைக் கண்ணகி. நம் திருச்சிக்காரர்களுக்கு உறையூர்க் கண்ணகி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குச் சிலை இல்லை. இரண்டு பேரும் ஒரே பெண்தான்.

அடுத்த வகுப்பு வழக்குரை காதை. யார் வீட்டில் எந்தப் பதிப்பு இருந்தாலும் எடுத்து வாங்க, உரை இருந்தால் நல்லது. வரும்போது இன்னொரு வேலையும் செய்யுங்க. நீங்கள் கடைசியாகப் பகிர்ந்த ஒரு கைதுச் செய்தியை எடுத்து, ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதிட்டு வாங்க. இதை யார் சொன்னது? யார் பார்த்தது? கைதானவர் என்ன சொன்னார்? மூன்றாவது பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கொண்டு வாங்க. வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தத் தாள்களைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கப்போகிறோம். என்னுடைய தாளையும் கொண்டு வருகிறேன்.