வேலையின்மையும் குற்றமும்

வேலையற்ற பெண் குற்றத்தில் இறங்குவாள் என்று கூறிவிடுதல் எளிது. ஆயின், பிழைப்புக்காக அவள் தேடிக்கொண்ட தொழிலையே சட்டம் குற்றமாக்குவதும் உண்டு. அகமதாபாத்தின் தெருவோரங்களில் காய்கறி விற்ற பெண்கள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டு அபராதம் செலுத்தினர். முதலுக்கோ கந்துவட்டிக்காரரையே நாடினர். 1972-இல் இலா பட் அம்மையார் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். 1974-இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு செலுத்தித் தமக்கென ஒரு வங்கி கண்டனர். தெருவோர வணிகரின் பிழைப்பைக் காக்கும் சட்டம் 2014-இல்தான் பிறந்தது.

வெளிமாநிலங்களில் வாழும் நாம், வாசலில் கூடையிறக்கும் பெண்ணிடம் பேரம் பேசுமுன் இதனை நினைப்போமாக. அவள் உழைப்பாளியா, குற்றவாளியா என்பது பல வேளைகளில் ஊர் அவளுக்கு விடும் இடத்தைப் பொறுத்தது.