தேர் வராத தெரு



நினைவுச் சொற்பொழிவை மறைந்தவரின் புகழோடு தொடங்குவது வழக்கம். நாம் யார் நினைவில் கூடியிருக்கிறோமோ அவருக்கு அந்த வழக்கம் பிடிக்காது. ஆகவே நேரே கேட்கிறோம்: ஒரு பங்கின் சமூகநீதிப் பணி என்பது என்ன?

பல பங்குகளில் அது ஆண்டுக்கு இரண்டு நாள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு: ஒரு மறையுரை, ஒரு மன்றாட்டு, வாசலில் ஒரு பதாகை. ஆகஸ்ட் 10, கறுப்புக்கொடி. 1950இல் அந்நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் நமக்குத் திறக்கவில்லை. இந்தப் போராட்டத்தை விடமாட்டோம். ஆனால் டெல்லியைப் பார்த்துக் கொடி பிடிப்பது ஆயருக்கும் எளிது, பங்குத்தந்தைக்கும் எளிது. கோயில் வாசலைப் பார்த்துப் பிடிப்பதுதான் கஷ்டம்.

திருவிழா வரியை எடுத்துக்கொள்வோம். எங்கள் பங்கில் வரி கொடுத்தவர் தெருவுக்குத்தான் தேர் வரும். எங்கள் தெருவில் வரி வாங்குவதில்லை. "ஏழைப்பட்ட சனங்க, அவங்ககிட்ட எதுக்கு?" என்பார்கள். கேட்பதற்குக் கருணை மாதிரி இருக்கும். வரி இல்லாததால் தேர் இல்லை. தேர் இல்லாததால் விழாக் குழுவில் இடமில்லை. குழுவில் இல்லாததால் கணக்குக் கேட்க உரிமையில்லை. ஒரு வருடம் மின்கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். கம்பியை உயர்த்திக் கட்டிய மறுவருடம் தெரு குறுகல் என்றார்கள். அந்தத் தெருவில்தான் நெல் லாரி வந்து திரும்புகிறது.

எறையூரில் 2008 மார்ச் 9 அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். தனிப்பங்கு கேட்ட தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்கள் நம் தரப்பினர் அல்லர். அவர்களுக்காகவும் நாம் துக்கப்பட்டாக வேண்டும். சாதி அவர்கள் வீட்டிலும் பாடை கட்டியது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சாதியைத் தொட்டால் சபை உடையும் என்று இன்றும் பயமுறுத்துகிறார்கள். இது பழைய பயம். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆதிக்கசாதியார் பலர் விலகினார்கள். சபை அழிந்துவிடவில்லை. சாதியும் அழியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அறிக்கையோடு நின்றால் அவ்வளவுதான் நடக்கும். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டது. உங்கள் பங்குப்பேரவையில் அதைப் படித்தவர் எத்தனை பேர் என்று மாணவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே எங்கள் பங்கில் சின்னதாக ஒன்று தொடங்குகிறோம். இந்த ஆண்டு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நாங்களே வரி வசூலித்து, பெயர்ப் பட்டியலோடு பங்குப்பேரவையில் வைக்கப்போகிறோம். ரசீது கேட்போம். தர மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்போம். "எதுக்குப்பா வம்பு" என்று எங்கள் பெரியவர்களே சொல்கிறார்கள். அவர்களோடும் பேசிக்கொண்டிருக்கிறோம். கொடியேற்றத்துக்கு முந்தைய ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவை கூடும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.